மனச்சோர்வுக்கு மருந்து தொடங்குதல்: மனநல ஓ.பி.க்குப் புதிதாக வரும் மருத்துவர்களுக்கு

மனநலப் பிரிவில் முதன்முறை உட்காரும் ஹவுஸ் சர்ஜனும் முதலாண்டு முதுநிலை மாணவரும் பெரும்பாலும் முதலில் கேட்பது, "எந்த மாத்திரை நல்லது?" என்பதைத்தான். மனச்சோர்வில் அது அவ்வளவு பெரிய கேள்வி இல்லை. எஸ்சிடலோபிராம், செர்ட்ராலின், ஃப்ளூவாக்ஸெடின் மூன்றில் எதை எடுத்தாலும் சராசரிப் பலன் ஏறக்குறைய ஒன்றுதான். சிகிச்சை கெட்டுப்போவது வேறு இடங்களில். மனச்சோர்வும் மிதமிஞ்சிய உற்சாகமும் மாறி மாறி வரும் இருமுனைக் கோளாறை வெறும் மனச்சோர்வு என்று எண்ணிவிடுவது, தற்கொலை எண்ணத்தைக் கேட்காமல் விடுவது, தொடக்க அளவிலேயே மூன்று மாதம் ஓட்டுவது, பத்தாம் நாளே "கேக்கல" என்று மருந்தை மாற்றுவது, எப்போது நிறுத்துவது என்று யாரும் சொல்லாததால் வருடக்கணக்கில் அதே சீட்டைத் திரும்ப எழுதுவது. ஆகவே மருந்தின் பெயரை எழுதும் முன்பே மூன்றை முடிவுசெய்துகொள்ளுங்கள்: எது குறைய வேண்டும், எந்தத் தேதிக்குள் குறைய வேண்டும், குறையாவிட்டால் அடுத்தது என்ன.

முதலில், இது மனச்சோர்வுதானா?

"எனக்கு மனச்சோர்வு" என்று சொல்லிக்கொண்டு வருபவர்கள் குறைவு. தலைபாரம், உடம்பெல்லாம் எரிச்சல், கைகால் அசதி, நெஞ்சு படபடப்பு, சாப்பாடு இறங்கவில்லை, விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வந்தால் அப்புறம் தூக்கமில்லை என்றுதான் வருவார்கள். கையில் பொது மருத்துவம், நரம்பியல், சில சமயம் எண்டோஸ்கோப்பி வரை பார்த்த கோப்பு இருக்கும். "உடம்புல ஒண்ணுமில்ல, எல்லாம் மனசுதான்" என்ற வாக்கியத்தை மட்டும் சொல்லாதீர்கள். அவருக்கு வலிப்பது உண்மை. அதைப் பொய் என்று சொன்னதாகத்தான் அவர் காதில் விழும், அடுத்த முறை வேறு மருத்துவரிடம் போய்விடுவார்.

வலியைக் கேட்டு முடித்துவிட்டு மெல்லத் திரும்புங்கள்: "முன்ன ஆசையா செஞ்ச வேலை, இப்ப செய்யத் தோணுதாம்மா?" "யாராவது வீட்டுக்கு வந்தா பேசப் பிடிக்குதா, எப்படா போவாங்கன்னு இருக்கா?" சோகமான மனநிலை அல்லது எதிலும் நாட்டமின்மை, இரண்டில் ஒன்றாவது குறைந்தது இரண்டு வாரம், நாளின் பெரும்பகுதி, ஏறக்குறைய தினமும் இருக்க வேண்டும். சம்பளம் வராத வாரத்தில் மனம் நொந்து போவதற்கு மாத்திரை தேவையில்லை. ஆனால் காரணம் புரிகிறது என்பதற்காக நோய் இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. கணவர் இறந்த துக்கம் என்று வீட்டார் சொல்லும் பெண் இரண்டு மாதமாகப் படுக்கையை விட்டு எழவில்லை, எடை ஆறு கிலோ குறைந்திருக்கிறது என்றால், துக்கத்தோடு மனச்சோர்வும் சேர்ந்திருக்கிறதா என்று முழுதாகப் பார்த்தாக வேண்டும்.

பி.எச்.க்யூ-9 என்ற ஒன்பது கேள்விப் படிவத்தை முதல் நாளே போட்டுவிடுங்கள். மொத்தம் 27. பத்தோ அதற்கு மேலோ என்றால் கவனிக்க வேண்டும், 15 முதல் ஓரளவு கடுமை, 20 முதல் கடுமை. படிக்கத் தெரியாதவருக்கு நீங்களே வாசித்துக் கேளுங்கள். "பாதி நாட்களுக்கு மேல்" என்று படிவ மொழியில் கேட்டால் பலர் விழிப்பார்கள். கேள்வி கடந்த இரண்டு வாரத்தைப் பற்றியது என்பதால், "பதினஞ்சு நாள்ல எத்தனை நாள் அப்படி இருந்துச்சு?" என்று கேட்டு நீங்கள் மதிப்பெண் போட்டுக்கொள்ளலாம். ஒன்று நினைவிருக்கட்டும்: தூக்கம், சோர்வு, பசி, கவனம் பற்றிய கேள்விகளுக்கு ரத்தசோகை உள்ளவரும் இரவு ஷிஃப்ட் பார்ப்பவரும்கூட மதிப்பெண் வாங்கிவிடுவார்கள். இந்த எண் நோயைத் தீர்மானிக்க அல்ல. ஆறு வாரம் கழித்து ஒப்பிட்டுப் பார்க்கத்தான் முக்கியமாக வேண்டும்.

அடுத்து, தவறவே விடக்கூடாத கேள்வி. இதற்கு முன் எப்போதாவது நான்கைந்து நாள் சேர்ந்தாற்போல், தூக்கம் குறைந்தும் களைப்பே தெரியாமல், பேச்சு நிற்காமல், வழக்கத்துக்கு மாறான உற்சாகமோ எரிச்சலோ இருந்ததா? நோயாளி பெரும்பாலும் "அப்ப நல்லாத்தான் இருந்தேன்" என்பார். அவரைப் பொறுத்தவரை அது பொற்காலம். ஆகவே கூட வந்தவரிடம் கேளுங்கள். "ஒரு வருஷம் முன்னால ராத்திரியெல்லாம் தூங்காம கடை வைக்கிறேன்னு நகையை அடகு வெச்சாரு" என்று மனைவி சொன்னால் அத்தோடு பேனாவை மூடிவிட்டு மூத்த மருத்துவரிடம் போங்கள். இருமுனைக் கோளாறில் மனச்சோர்வு மருந்தை மட்டும் தனியாகக் கொடுத்தால் மேனியா (அந்த மிதமிஞ்சிய உற்சாக நிலை) கிளம்பலாம். பெற்றோர், உடன்பிறந்தவர்களில் யாருக்காவது அந்த நோய் இருந்தாலும், 25 வயதுக்கு முன்பே மனச்சோர்வு தொடங்கியிருந்தாலும், பிரசவத்தை ஒட்டி வந்திருந்தாலும் இந்தக் கேள்வியை இரண்டு முறை கேட்கலாம்.

குடியைத் தனியாகக் கேளுங்கள், மனைவி வெளியே இருக்கும்போது ஒரு முறை, உள்ளே இருக்கும்போது ஒரு முறை. இரண்டு பதிலும் ஒத்துப்போகாது. தினமும் குடிப்பவரின் மனச்சோர்வு, குடியை நிறுத்திய மூன்று நான்கு வாரத்தில் மருந்தில்லாமலே பாதி குறைந்துவிடுவது உண்டு. அதனால் முதல் வேலை குடி விலகல் அறிகுறிகளைப் பாதுகாப்பாகக் கடப்பதும் தயமின் (வைட்டமின் பி1) கொடுப்பதும்தான்.

பரிசோதனைப் பட்டியல் சின்னது: ஹீமோகுளோபின், தைராய்டுக்கான டி.எஸ்.எச்., சர்க்கரை. வயதானவருக்கும் தையசைடு வகை பி.பி. மாத்திரை எடுப்பவருக்கும் சோடியம். அசைவமே சாப்பிடாமல் கை கால் மரத்துப்போகிறது என்பவருக்கு பி12. ப்ரெட்னிசலோன் போன்ற ஸ்டீராய்டு எடுக்கிறாரா என்று மாத்திரைப் பையைக் கொட்டிப் பாருங்கள். வாயால் கேட்டால் வராத விவரம் பையிலிருந்து வரும்.

தற்கொலை எண்ணத்தைக் கேட்பது

கேட்டால் எண்ணத்தைத் தூண்டிவிடுவோமோ என்ற பயம் எல்லாப் புதியவர்களுக்கும் உண்டு. தூண்டாது. யாராவது கேட்டால் சொல்லிவிடலாம் என்று காத்திருப்பவர்கள்தான் அதிகம். படிப்படியாக இறங்குங்கள். "இப்படியே இருக்கிறதுக்கு, தூங்கினா எழுந்திரிக்காமலே போயிட்டா தேவலைன்னு தோணியிருக்காம்மா?" ஆம் என்றால், "நாமளே ஏதாவது பண்ணிக்கலாம்னு?" அதற்கும் ஆம் என்றால், எப்படி என்று யோசித்தாரா, எப்போது, அதற்கான பொருள் வீட்டில் இருக்கிறதா, முன்பு முயன்றிருக்கிறாரா, எது தடுத்து வைத்திருக்கிறது. கடைசிக் கேள்விக்கு "புள்ளைங்க" என்ற பதில் வந்தால் அது பாதுகாப்பு. ஆனால் கடுமையான நோயில் "புள்ளைங்களையும் கூட்டிட்டுப் போயிடலாம்" என்றும் தோன்றும். அதையும் கேட்டாக வேண்டும்.

திட்டம் இருக்கிறது, பொருள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது, அண்மையில் முயன்றிருக்கிறார், காதில் கட்டளைக் குரல் கேட்கிறது, "என்னால்தான் குடும்பமே அழுகுகிறது" என்பது போன்ற அசைக்க முடியாத குற்றவுணர்வு, சாப்பாடு தண்ணீரே நின்றுவிட்டது: இவற்றில் ஒன்று இருந்தாலும் அவரை அன்று வீட்டுக்கு அனுப்புவதை நீங்கள் தனியாக முடிவு செய்யாதீர்கள். மூத்தவரை அழைத்து, சேர்க்கையைப் பற்றிப் பேசுங்கள். நோயாளி சம்மதிக்கவில்லை, முடிவெடுக்கும் திறனும் மங்கியிருக்கிறது என்றால் 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 89ஆம் பிரிவு, அவர் நியமித்த பிரதிநிதியின் விண்ணப்பத்தோடு 30 நாள் வரை சேர்க்க இடம் தருகிறது. மனநலப் பிரிவே இல்லாத மருத்துவமனையில் இருந்தால், 94ஆம் பிரிவின்படி பதிவு பெற்ற எந்த மருத்துவரும் 72 மணி நேரம் வரை அவசரச் சிகிச்சை தரலாம். முயன்று தப்பியவரின் குடும்பம் போலீஸ் கேஸ் பயத்தில் உண்மையை மறைப்பது வழக்கம். அதே சட்டத்தின் 115ஆம் பிரிவு, அவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கொண்டு, தண்டிப்பதைத் தடுக்கிறது. இதை எடுத்துச் சொன்னால் பேச்சு திறக்கும்.

வீட்டுக்கு அனுப்பலாம் என்று முடிவானால், வீட்டிலிருந்து அப்புறப்படுத்த வேண்டியவற்றைப் பெயர் சொல்லிப் பேசுங்கள். "பாத்துக்கோங்க" என்றால் யாரும் எதையும் பார்க்க மாட்டார்கள். வயலுக்கு வாங்கிய மருந்து வீட்டுக்குள் இருக்கக் கூடாது, எலி மருந்து இருந்தால் இன்றே வெளியேற வேண்டும், மாத்திரை அண்ணன் கையிலோ மகள் கையிலோ இருக்க வேண்டும். யார் கையில் என்று அங்கேயே தீர்மானித்து, அவர் பெயரைக் கேஸ் சீட்டில் எழுதுங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி-மானஸ் 14416. இருபத்து நான்கு மணி நேரமும் இலவசம், தமிழிலும் பேசலாம். அதை மருந்துச் சீட்டின் மேலேயே எழுதிக் கொடுங்கள். தனித் துண்டுத்தாள் பஸ் ஏறும் முன்பே காணாமல் போய்விடும்.

மருந்தும் அளவும்

இலேசான சோர்வுக்கு, பி.எச்.க்யூ பத்துக்குக் கீழே இருக்கும்போது, உடனே மாத்திரை வேண்டாம். நடை, தூக்க நேரம், தினமும் ஒரு வேலை என்று திட்டமிட்டு இரண்டு வாரத்தில் திரும்ப வரச் சொல்லுங்கள். "மனசைத் தேத்திக்கோங்க" என்பது திட்டம் ஆகாது. "சாயங்காலம் அஞ்சு மணிக்குப் பக்கத்து வீட்டு அக்காவோட கோயில் வரைக்கும் நடந்துட்டு வாங்க, வாரத்துல நாலு நாள்" என்பது திட்டம்.

மிதமும் கடுமையும் என்றால் மருந்து. எஸ்சிடலோபிராம் 5 மி.கி. ஐந்தாறு நாள், பிறகு 10. தேவைப்பட்டால் 20 வரை போகலாம், 65 வயது தாண்டியவர்களுக்கு 10 போதும். செர்ட்ராலின் 25, ஒரு வாரத்தில் 50, தேவைக்கேற்ப 200 வரை. ஃப்ளூவாக்ஸெடின் காலையில் 20. பாலூட்டும் தாய்க்கும் இதய நோயாளிக்கும் செர்ட்ராலின் வசதி. எஸ்சிடலோபிராம் ஈ.சி.ஜி.யில் க்யூ.டி. இடைவெளியை (இதயத் துடிப்பின் மின் இடைவெளி) நீட்டக்கூடும் என்பதால், இதய நோய் இருந்தால் ஒரு ஈ.சி.ஜி. எடுத்துவிட்டுத் தொடங்குங்கள். தூக்கமும் பசியும் அடியோடு போய் மெலிந்துவிட்ட முதியவருக்கு இரவில் மிர்டசபின் 7.5 அல்லது 15 பொருந்தும்.

அமிட்ரிப்டிலின் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தலைவலிக்கு 10 மி.கி., 25 மி.கி. வாங்கிச் சாப்பிட்டவரை "ஏற்கெனவே மனச்சோர்வு மருந்து கொடுத்துக் கேட்கவில்லை" என்று எழுதிவிடுகிறார்கள். மனச்சோர்வுக்கு அதன் அளவு வழக்கமாக 75க்கு மேல்; பத்து மில்லிகிராமில் தோற்றது மருந்து அல்ல, அளவு. இன்னொன்று, அளவு மீறினால் இதயத்தைத் தாக்கும் மருந்து அது. தற்கொலை எண்ணம் உள்ளவர் கையில் ஒரு மாத மாத்திரையை மொத்தமாகக் கொடுக்கக் கூடாது.

கூடவே எடுக்கும் மருந்துகளில் கண் வையுங்கள். மூட்டுவலிக்கு டைக்ளோஃபெனாக்கோ இதயத்துக்கு ஆஸ்பிரினோ சேர்ந்தால் இரைப்பையில் ரத்தக்கசிவு வாய்ப்பு கூடும். அல்சர் மாத்திரை சேர்க்கலாம், ஆனால் எஸ்சிடலோபிராமோடு ஓமெப்ரசோல் வேண்டாம், அது ரத்தத்தில் மருந்தின் அளவை ஏற்றும், பான்டோப்ரசோல் பரவாயில்லை. எலும்புப் பிரிவில் கொடுக்கும் டிரமடாலும், மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய்க்குக் கொடுக்கும் லினிசோலிடும் சேர்ந்தால் செரோடோனின் நஞ்சாகி நடுக்கம், வியர்வை, காய்ச்சல், தசைத் துடிப்பு வரலாம். முதியவர் மாத்திரை தொடங்கிய இரண்டாம் வாரத்தில் தள்ளாடுகிறார், பேச்சு குழறுகிறது என்றால் முதலில் சோடியம் பாருங்கள், இந்த மருந்துகளால் அது குறையலாம்.

தூக்கத்துக்கு க்ளோனசெபம் சேர்ப்பதா? முதல் இரண்டு வாரம் 0.25 அல்லது 0.5 சேர்த்தால் நோயாளி தாக்குப்பிடிப்பார், மருந்தையும் விடமாட்டார். குறட்டையோடு மூச்சு நிற்பவருக்கும், குடிப்பவருக்கும், கீழே விழுந்த வரலாறு உள்ள முதியவருக்கும் வேண்டாம். நிறுத்தும் தேதியைத் தொடங்கும் நாளே எழுதுங்கள். எஸ்சிடலோபிராமும் க்ளோனசெபமும் ஒரே மாத்திரையாகக் கடைகளில் தாராளமாகக் கிடைக்கிறது. அதை எழுதாதீர்கள். க்ளோனசெபத்தை மட்டும் நிறுத்த வழியில்லை, எஸ்சிடலோபிராமைக் கூட்டினால் இதுவும் கூடும், நோயாளியே ஒருநாள் "தூக்க மாத்திரைக்கு அடிமையாயிடுவேன்" என்று பயந்து விட்டால் இரண்டும் ஒரே நாளில் நின்றுபோகும்.

அறையை விட்டுப் போகும் முன்

நோயாளிக்கும் கூட வந்தவருக்கும் நான்கு செய்தி போய்ச் சேர வேண்டும். இது காய்ச்சல் மாத்திரை போல் தேவைப்படும்போது போடுவதல்ல, நல்லா இருக்கும் நாளிலும் போட வேண்டும். முதல் வாரம் குமட்டல், வயிற்றுப்போக்கு, ஒருவிதப் பதற்றம் வரலாம். சாப்பிட்ட பின் போட்டால் குறையும், பத்து நாளில் பெரும்பாலும் போய்விடும். பலன் தெரிய இரண்டு வாரம், முழுதாகத் தெரிய ஆறு வாரம். பழக்கமாகிவிடும் தூக்க மாத்திரை இது அல்ல, ஆனால் திடீரென்று நிறுத்தவும் கூடாது.

பக்க விளைவுகளில் யாரும் வாயைத் திறந்து சொல்லாதது பாலுறவுச் சிக்கல். மூன்றாம் மாதம் காரணம் சொல்லாமல் மருந்தை விட்டுவிடும் ஆண்களில் பலருக்குக் காரணம் இதுவாகத்தான் இருக்கும். "சிலருக்கு இது வரும், வந்தா எங்கிட்ட சொல்லுங்க, மாத்திக்கலாம்" என்று நீங்கள் முந்திக்கொண்டு சொல்லிவிடுங்கள்.

25 வயதுக்குக் கீழ் என்றால் ஒரு வாரத்திலேயே பாருங்கள், முடியாவிட்டால் போனிலாவது. அந்த வயதில் தொடக்க வாரங்களில் தற்கொலை எண்ணம் கூடக்கூடும் என்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2004இல் சிறுவர்களுக்கும் 2007இல் 24 வயது வரைக்கும் எச்சரிக்கை விடுத்தது. அதற்காக மருந்தைத் தவிர்க்க வேண்டாம். உள்ளே கொதிப்பு, ஓரிடத்தில் நிற்க முடியாமை, புதிதாக எரிச்சல் வந்தால் அன்றே அழைக்க வேண்டும் என்று வீட்டாருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இரண்டாம், நான்காம், ஆறாம் வாரம்

இரண்டாம் வாரத்தில் "எப்படி இருக்கு?" என்று கேட்டால் "அப்படியேதான் இருக்கு சார்" என்ற பதில்தான் வரும். கூட வந்த மகளைக் கேளுங்கள். அம்மா குளிக்கிறாரா, அடுப்படிக்கு வருகிறாரா, டி.வி. முன்னால் உட்காருகிறாரா. நோயாளிக்கு மனம் தெளிவதற்கு முன்பே நடமாட்டம் திரும்பிவிடுவதுண்டு. இந்த இடைவெளி ஆபத்தானது: மனம் இன்னும் இருட்டில், உடம்பில் மட்டும் தெம்பு. தற்கொலைக் கேள்வியை இந்த வருகையில் தவறாமல் மறுபடி கேளுங்கள்.

நான்காம் வாரம் பி.எச்.க்யூ திரும்பப் போடுங்கள். 20இலிருந்து 12 என்றால் பாதை சரி, அளவை மாற்றாமல் தொடருங்கள். 20இலிருந்து 18 என்றால் மருந்தை மாற்றும் முன் மாத்திரை அட்டையை வாங்கி எண்ணுங்கள். முப்பதில் பதினாறு மீதி இருந்தால் தோற்றது மருந்து அல்ல. ஒழுங்காகப் போட்டும் அசைவில்லை என்றால் அளவைக் கூட்டுங்கள்: எஸ்சிடலோபிராம் 10 ஆக இருந்தால் 15 அல்லது 20, செர்ட்ராலின் 50 ஆக இருந்தால் 100. புதியவர்கள் தயங்குவது இங்கேதான். 5 மி.கி.யில் எட்டு வாரம் இருந்தவருக்கு 'மருந்துக்குக் கட்டுப்படாத மனச்சோர்வு' என்ற பெயர் வந்து சேருவது இப்படித்தான்.

ஆறாம் வாரத்தில் பாதியாவது குறையவில்லை என்றால் மருந்தை மாற்றும் முடிவுக்கு வரலாம். அதற்கு முன் முதல் நாள் சீட்டை எடுத்து மறுபடி படியுங்கள். இருமுனைக் கேள்வி கேட்கப்பட்டதா, டி.எஸ்.எச். முடிவு வந்ததா, குடி நின்றதா, வீட்டில் அடி உதை இருக்கிறதா. அடி வாங்கும் பெண்ணுக்கு அளவைக் கூட்டிக்கொண்டே போவது சிகிச்சை இல்லை; அவரை மட்டும் தனியாக உட்காரவைத்துப் பேச வேண்டும், சமூகப் பணியாளரை அழைக்க வேண்டும். எல்லாம் சரியாக இருந்தும் பலனில்லை என்றால் அதுவும் சாதாரணம்தான். 2000களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் நடந்த ஸ்டார்-டி ஆய்வில் முதல் மருந்தில் முழுதாகத் தெளிந்தவர்கள் சுமார் மூன்றில் ஒரு பங்குதான். இதை நோயாளியிடம் முதல் நாளே சொல்லியிருந்தால் மருந்து மாற்றுவதைத் தோல்வியாக எடுத்துக்கொள்ள மாட்டார். செர்ட்ராலினிலிருந்து எஸ்சிடலோபிராமுக்கு நேரடியாக மாற்றலாம். ஃப்ளூவாக்ஸெடின் உடம்பில் வாரக்கணக்கில் தங்கும், ஆகவே நான்கு முதல் ஏழு நாள் இடைவெளி விட்டு, அடுத்ததைக் குறைந்த அளவில் தொடங்குங்கள். இரண்டு மருந்து சரியான அளவில், சரியான காலத்துக்குக் கொடுத்தும் கேட்காவிட்டால் லித்தியம் சேர்ப்பது, குறைந்த அளவு குயட்டியபின் சேர்ப்பது, ஈ.சி.டி. (மின்னதிர்வுச் சிகிச்சை) எல்லாம் மூத்தவரோடு சேர்ந்து எடுக்கும் முடிவுகள். மாயக்குரலும் தவறான நம்பிக்கையும் கலந்த மனச்சோர்வுக்கு அத்தனை நாள் காத்திருக்கத் தேவையில்லை. தொடக்கத்திலேயே ஈ.சி.டி. பற்றிப் பேசலாம். மயக்க மருந்தும் தசைத் தளர்வு மருந்தும் இல்லாமல் அதைச் செய்வதை 2017 சட்டம் தடைசெய்திருக்கிறது என்று குடும்பத்திடம் சொன்னால், சினிமாவில் பார்த்த பயம் கொஞ்சம் இறங்கும்.

சீட்டில் என்ன எழுதுவது

ஓ.பி.யில் அடுத்த முறை அதே மருத்துவர் இருப்பார் என்று உறுதியில்லை. "சி.எஸ்.டி. (அதே சிகிச்சை தொடர்க), ஒரு மாதம்" என்று மட்டும் எழுதினால் அடுத்தவரும் அதையேதான் எழுதுவார். இப்படி எழுதுங்கள்: "மனச்சோர்வு, ஓரளவு கடுமை, பி.எச்.க்யூ 18. மேனியா வரலாறு இல்லை, மகளிடமும் கேட்டாயிற்று. தற்கொலை எண்ணம்: மேலோட்டமாக, திட்டமில்லை; மாத்திரை மகள் பொறுப்பில். எஸ்சிடலோபிராம் 5, ஆறாம் நாள் முதல் 10. க்ளோனசெபம் 0.25 இரவு, 14ஆம் நாள் நிறுத்தம். நான்காம் வாரம் பி.எச்.க்யூ 14க்கு மேல் இருந்தால் எஸ்சிடலோபிராமை 15 ஆக்கவும்." நாற்பது நொடி கூடுதலாகும்.

தினக்கூலிக்காரர் ஒரு வருகைக்கு ஒரு நாள் சம்பளத்தை விடுகிறார் என்பதையும் வருகைத் தேதி போடும்போது நினையுங்கள். இரண்டாம் வாரமும் நான்காம் வாரமும் நேரில் அவசியம். தெளிந்த பின் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை போதும், நடுவில் மருந்தை மட்டும் பக்கத்து வட்ட மருத்துவமனையில் வாங்கிக்கொள்ள ஏற்பாடு செய்யலாம்.

நிறுத்துவது

பி.எச்.க்யூ ஐந்துக்குக் கீழே வந்து, வேலைக்கும் விசேஷத்துக்கும் பழையபடி போகத் தொடங்கிய நாளிலிருந்துதான் கணக்கு தொடங்குகிறது, முதல் மாத்திரை போட்ட நாளிலிருந்து அல்ல. அதன்பின் ஆறிலிருந்து ஒன்பது மாதம், நல்லாக்கிய அதே அளவில். "கொஞ்சம் தேறியாச்சு, பாதியாக்கலாம்" என்று மூன்றாம் மாதம் குறைப்பதால் நோய் திரும்ப வருவது அடிக்கடி நடக்கிறது. இது இரண்டாவது மூன்றாவது முறை வந்த நோய் என்றால் குறைந்தது இரண்டு வருடம்.

குறைக்கும்போது நான்கு வாரத்துக்குக் குறையாமல் எடுத்துக்கொள்ளுங்கள். வருடக்கணக்கில் எடுத்தவருக்கு மாதங்கள் ஆகலாம். 10லிருந்து 5 எளிது, 5லிருந்து பூஜ்யம்தான் கடினம். கடைசிப் படியை இன்னும் சின்னச் சின்னதாக்குங்கள், 5 மி.கி. மாத்திரையைப் பாதியாக உடைத்து இரண்டு மூன்று வாரம். நிறுத்திய இரண்டு மூன்று நாளில் தலைசுற்றல், தலைக்குள் மின்சாரம் தட்டியதுபோல் உணர்வு, எரிச்சல், விசித்திரக் கனவு வந்தால் அது மருந்து விலகும் அறிகுறி. பழைய அளவுக்குப் போனால் ஓரிரு நாளில் அடங்கிவிடும். நோய் திரும்புவது அப்படி வராது. பல வாரம் கழித்து, முதலில் தூக்கம், பிறகு நாட்டம் என்று பழைய வரிசையிலேயே மெல்ல வரும். அந்த வரிசை என்ன என்று குடும்பத்திடம் கேட்டு, நிறுத்தும் நாளில் சீட்டில் எழுதிவிடுங்கள். பரீட்சை, கல்யாணம், அறுவடை நெருங்கும் மாதத்தில் குறைக்கத் தொடங்க வேண்டாம். அது முடிந்த பிறகு ஒரு தேதி குறித்துக்கொள்ளுங்கள்.